ஆளி விதையும் நான் குறைத்த ஒரு மதிப்பெண்ணும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

போன வாரம் மருமகள் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். எள்ளைவிடச் சற்றுப் பெரிய, பளபளப்பான பழுப்பு விதைகள். "ஆளி விதை மாமா. வறுத்துப் பொடி பண்ணி மோர்ல போட்டுக் குடிங்க, உடம்புக்கு நல்லது" என்றாள். பக்கத்தில் இருந்த பேத்தி, "தாத்தா, இது எந்த ஊர்ல விளையுது? எப்படிப் பயிர் பண்றாங்க?" என்று கேட்டுவிட்டாள். முப்பத்து மூன்று ஆண்டு பாடம் நடத்தியவனுக்குப் பதில் தெரியவில்லை. "படிச்சுட்டுச் சொல்றேன்" என்று நேரம் வாங்கிக்கொண்டேன்.

படித்துக்கொண்டே போனவன் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். சத்தீஸ்கர் விவசாயிகள் ஆளியை உழாமலே விதைக்கிறார்கள், அறுவடை ஆகாமல் நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுகிறார்கள் என்று அங்கே இருந்தது. உடனே எனக்கு ஒரு ஐந்தாம் வகுப்பு விடைத்தாள் ஞாபகம் வந்தது.

1984 டிசம்பர், அரையாண்டுத் தேர்வு. நான் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு. புதுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிறந்து வளர்ந்த எனக்கு, டெல்டாவில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. அறிவியல் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி: பயிர் செய்ய முதலில் நிலத்தை என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் "உழ வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும், "நெல்லுக்கு உழ வேண்டும். உளுந்துக்கு உழ வேண்டாம்" என்று எழுதியிருந்தான்.

சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். தாளைக் கொடுக்கும்போது அவனை நிற்கவைத்து, "அகல உழுவதைவிட ஆழ உழு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? உழாமல் விதைப்பது சோம்பேறி செய்கிற வேலை" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, உட்கார்ந்துகொண்டான். அவன் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பேத்தி கேட்ட கேள்வி.

ஆளி, மனிதன் பயிராக்கிய மிகப் பழைய செடிகளில் ஒன்று. மேற்கு ஆசியாவில் கோதுமை, பார்லியோடு சேர்ந்து வயலுக்கு வந்தது. அதற்கும் முன்பே, காட்டில் தானாக வளர்ந்த ஆளியின் நாரை மனிதர்கள் எடுத்துத் திரித்திருக்கிறார்கள். ஜார்ஜியா நாட்டில் ஒரு குகையில் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆளி நார் இழைகள் கிடைத்துள்ளன. எகிப்தில் மம்மிகளைச் சுற்றிய துணி ஆளி நாரில் நெய்தது. லினன் சட்டை என்று கடையில் விலை கேட்டு மலைக்கிறோமே, அதுவும் இதே செடியின் தண்டிலிருந்து வருவதுதான். 1753-இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய தாவரவியல் பெயருக்கு "மிகவும் பயனுள்ள ஆளி" என்று பொருள்.

இந்தச் செடியில் இரண்டு வகை உண்டு. கிளை விடாமல் உயரமாக வளர்வது நாருக்கு. குட்டையாக, நிறையக் கிளை விட்டு, நிறையக் காய்ப்பது விதைக்கு. ஐரோப்பா பெரும்பாலும் நாரைத் தேடியது. பருத்தி விளைந்த நம் நாட்டுக்கு வேறு நார் தேவைப்படவில்லை, அதனால் இங்கே ஆளி எண்ணெய்ப் பயிராகவே நிலைத்தது. வடக்கே இதை அல்சி என்பார்கள், பீகார் பக்கம் தீசி.

நீங்கள் ஆளி எண்ணெயைப் பார்த்திருக்கிறீர்கள். புது கிரிக்கெட் மட்டை வாங்கினால் "லின்சீட் ஆயில்" தடவி ஊறப்போடுவீர்களே, அதுதான். காற்றுப் பட்டால் இந்த எண்ணெய் மெல்ல இறுகி ஒரு தோல் போல ஆகிவிடும். அந்தக் குணத்தால்தான் பழைய காலத்துக் கதவு, ஜன்னல் பெயின்ட் எல்லாம் இதில் குழைக்கப்பட்டன. ஜன்னல் கண்ணாடியைப் பிடித்து நிற்கும் மக்கும் இதில் பிசைந்ததே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளுக்கு இந்த எண்ணெய் ஏராளமாகத் தேவைப்பட்டது. 1860-களில் ஃபிரெட்ரிக் வால்டன் என்பவர் ஆளி எண்ணெயை இறுகவைத்து, தக்கைத் தூளோடு கலந்து, தரை விரிப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். லினோலியம் என்ற அதன் பெயரிலேயே ஆளியும் எண்ணெயும் இருக்கின்றன. கல்கத்தா, பம்பாய் துறைமுகங்களிலிருந்து மூட்டை மூட்டையாக ஆளி விதை கப்பல் ஏறியது. வங்காளம், பீகார், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ஒரு பகுதியும் சத்தீஸ்கரும் அடங்கிய அன்றைய மத்திய மாகாணம் ஆகியவை அதை விளைவித்தன. லண்டன் வீட்டுக் கூடத்தில் விரித்த தரைவிரிப்புக்கும் மகாநதிக் கரையில் ஒரு விவசாயி கையால் தெளித்த விதைக்கும் இப்படி ஒரு தொடர்பு.

அந்த விவசாயி எப்படித் தெளித்தார் என்பதுதான் என்னை நிறுத்திய விஷயம்.

அந்த முறைக்கு உதேரா என்று பெயர். பீகார், வங்காளம் பக்கம் பைரா என்பார்கள். ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் குறிப்புகளிலேயே இது பேசப்படுகிறது. அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். மழைக்காலம் முடிந்துவிட்டது. வரப்பு கட்டிய களிமண் வயலில் நெல் மணி முற்றி நிற்கிறது. அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கிறது. வயலில் நின்ற தண்ணீரை வடித்துவிட்டார்கள், ஆனால் மண் இன்னும் சொதசொதவென்று இருக்கிறது. அந்தப் பதத்தில் விவசாயி நெற்பயிருக்குள் நடந்துகொண்டே ஆளி விதையை விசிறித் தெளிக்கிறார். கலப்பை இல்லை, கொத்து இல்லை, மூடுவதற்கு மண் தள்ளுவதும் இல்லை.

விதை மேலேயே கிடந்தால் எப்படி முளைக்கும்? இங்கே ஆளியின் ஒரு குணம் உதவுகிறது. ஆளி விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாருங்கள், சிறிது நேரத்தில் சுற்றிலும் வழவழவென்று பசை கட்டும். ஈர மண்ணில் விழுந்த விதை அந்தப் பசையால் மண்ணோடு ஒட்டிக்கொண்டு, ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. நெல்லின் நிழல் வெயிலிலிருந்து காக்கிறது. நெல்லை அறுக்கும் நேரத்தில் ஆளி முளைத்து விரல் உயரத்துக்கு நிற்கும். அறுப்பவர்கள் ஒரு சாண் அளவுக்குத் தாளை விட்டு மேலே அறுப்பார்கள். அதன்பின் ஆளிக்கு வெளிச்சம். தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. நெல் மிச்சம் வைத்த ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து, நீலப் பூ பூத்து, மாசி பங்குனியில் காய்ந்து அறுவடைக்கு வந்துவிடும்.

நெல்லை அறுத்துவிட்டு, உழுது, முறையாக விதைத்தால் என்ன? அங்கே கன்ஹார் என்று சொல்லும் கருங்களிமண் இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது ஏர் இறங்காது, மாடு புதையும். காய்ந்துவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும், உழுதால் தலையளவு கட்டியாகப் பெயரும். இரண்டுக்கும் நடுவே உழுவதற்கேற்ற பதம் சில நாட்கள்தான் இருக்கும். அந்த நாட்களில் ஊரே நெல் அறுவடையில் இருக்கும், ஆளும் கிடைக்காது, மாடும் கிடைக்காது. அப்படியே உழுதாலும், உழுத ஈர மண்ணை வெயில் உறிஞ்சிவிடும். தண்ணீர் பாய்ச்ச வழியில்லாத ஊரில் அந்த ஈரம்தான் இரண்டாம் போகம். அதைத் திறந்துவிட்டால் விதைக்க ஒன்றும் இல்லை.

இவர்களுக்கு உழத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதே சத்தீஸ்கரில் பியாசி என்று ஒரு வழக்கம் உண்டு. நெல்லை நேரடியாக விதைத்து, பயிர் ஒரு மாதம் வளர்ந்து வயலில் தண்ணீர் நிற்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே ஏர் ஓட்டுவார்கள். களை அழியும், பயிர் கலையும், மறுபடி தூர் கட்டும். பயிர் நிற்கும்போது உழுகிறவர்கள், விதைக்கும்போது உழாமல் விடுகிறார்கள். எங்கே ஏர் வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்தவர்களால் மட்டுமே இப்படிச் செய்ய முடியும்.

குறையையும் சொல்ல வேண்டும். உதேரா ஆளியில் விளைச்சல் குறைவு, உழுது தண்ணீர் பாய்ச்சிய ஆளியோடு அதை ஒப்பிட முடியாது. மேலே தெளிப்பதில் பல விதைகள் வீணாகும் என்பதால் விதையும் கூடுதலாகப் போட வேண்டும். உழுத நிலத்துக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ போதும் என்றால், இதற்கு 35 முதல் 40 கிலோ வரை ஆகும். ஆனால் செலவென்று பார்த்தால் அந்த விதையும் ஒரு நாள் நடையும்தான். அது இல்லையென்றால் அந்த நிலம் ஆனி வரை சும்மா கிடக்கும். சத்தீஸ்கரின் நெல் ரகங்களை ஆயிரக்கணக்கில் தேடித் தொகுத்த விஞ்ஞானி ரிச்சாரியாவைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் 1962-இல் ஆளிக்கென்றே ஒரு தனி நூல் எழுதியவர் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

இனி அதே விதை, அதே காலம், உலகின் மறுபக்கம். மத்திய மாகாணத்து ஆளி கப்பல் ஏறிக்கொண்டிருந்த நாட்களில், அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளில் புதிதாகக் குடியேறியவர்களும் ஆளி விதைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆளி, ஏரோடு பிறந்த பயிர். பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல் மண்டிக் கிடந்த நிலத்தை இரும்புக் கலப்பையால் புரட்டினார்கள். புரட்டிய புல்கட்டியில் முதல் ஆண்டே நன்றாக வந்து கையில் காசு தந்தது ஆளிதான். இரண்டு மூன்று முறை தொடர்ந்து விதைத்தால் செடி வாடிச் செத்தது. மண்ணில் சத்து போய்விட்டது என்று எண்ணி, மேற்கே நகர்ந்து அடுத்த புல்வெளியைக் கிழித்தார்கள். ஆளி இப்படிக் குடியேற்றத்தின் முன்வரிசையிலேயே நகர்ந்துகொண்டிருந்தது.

வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ வேளாண் கல்லூரியில் ஹென்றி போலி என்று ஒரு ஆசிரியர் இருந்தார். 1894-இல் ஒரு சிறு பாத்தியை ஒதுக்கி, ஆண்டு தவறாமல் ஆளியை மட்டுமே அதில் விதைத்தார். 30-ஆம் எண் பாத்தி என்று அதற்குப் பெயர். சத்துக் குறைவால் செடி சாகவில்லை, மண்ணில் பெருகிய ஒரு பூஞ்சைதான் காரணம் என்று 1901-இல் எழுதினார். அந்த நோய்ப் பாத்தியில் சாகாமல் தப்பிய ஒன்றிரண்டு செடிகளின் விதையை எடுத்து, நோய் தாங்கும் ரகங்களை உருவாக்கினார். கெட்டுப்போன பாத்தியை அழிக்காமல் பாடமாக வைத்துக்கொண்ட அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஆளியின் நோய்க்கு வழி கிடைத்தது. புரட்டிய மண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஆளிக்குப் பின்னே வந்த கோதுமைக்காக இன்னும் இன்னும் உழுதார்கள். 1930-களில் மழை பொய்த்தபோது, பிடித்து நிறுத்த புல் வேர் இல்லாத மண் காற்றில் எழுந்தது. 1934 மே மாதம் அந்த வடக்குச் சமவெளிகளில் கிளம்பிய புழுதிப் புயல் கிழக்குக் கடற்கரை வரை போய் நியூயார்க் நகரத்தை இருட்டாக்கியது. அடுத்த ஆண்டே மண் பாதுகாப்புக்கென்று அமெரிக்க அரசு தனிச் சட்டம் இயற்றியது.

அதன்பிறகுதான் அங்கே அந்தக் கேள்வி வலுத்தது: உழத்தான் வேண்டுமா? 1943-இல் எட்வர்ட் ஃபாக்னர் என்ற வேளாண் அலுவலர் "உழவனின் மடமை" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். மண்ணைப் புரட்டிப் போடும் கலப்பைதான் கேட்டுக்கெல்லாம் காரணம் என்பது அவர் வாதம். பெரும் சர்ச்சை கிளம்பியது. 1962-இல் கென்டக்கி மாநிலத்தில் ஹாரி யங் என்ற விவசாயி ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் உழாமல் மக்காச்சோளம் விதைத்துக் காட்டினார். பிறகு களைக்கொல்லி மருந்துகளும், தாளுக்கு நடுவே கீறி விதைக்கும் இயந்திரங்களும் வந்து, கனடாவின் சமவெளிகள் வரை உழவில்லா வேளாண்மை பரவியது.

அங்கே ஆளி மறுபடி வருகிறது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஓர் ஊரின் பெயர் இந்தியன் ஹெட். அங்குள்ள ஆய்வுப் பண்ணையில் கோதுமை, பட்டாணி, ஆளி மூன்றையும் உழுதும் உழாமலும் பல ஆண்டு விதைத்துப் பார்த்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். உழாத நிலத்தில் ஈரம் கூடுதலாக நின்றது, ஆளியின் விளைச்சலும் குறையவில்லை. ஆளி பொடி விதை. ஆயிரம் விதை சேர்ந்தாலும் பத்து கிராம் வராது. ஆழத்தில் போட்டால் மேலே வர அதற்குத் தெம்பு இல்லை. மேல் மண்ணிலேயே ஈரம் வேண்டும், உழாத மண்ணில்தான் அது தங்குகிறது. மகாநதிக் கரை விவசாயி காலால் மிதித்து அறிந்ததும் இதுதான்.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட மாட்டேன். கனடாவின் முறை மருந்தையும் பெரிய இயந்திரத்தையும் நம்பி நிற்கிறது. ஆளித் தண்டு நார் என்பதால் சீக்கிரம் மக்காது, இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு மக்கர் பண்ணும். அதனால் அறுத்த தாளைக் கொளுத்திவிடுகிறவர்களும் உண்டு. சத்தீஸ்கரில் மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை, விளைச்சலும் அதிகமில்லை. ஒன்று பேரழிவுக்குப் பிறகு கற்ற பாடம். மற்றது யாரும் பாடமாக மதிக்காத வழக்கம். இரண்டிலும் உழுவதா வேண்டாமா என்று தீர்மானித்தது மண்ணின் ஈரம்தான்.

இப்போது அந்தப் பையனின் விடைத்தாளுக்கு வருகிறேன்.

தாள் கொடுத்த அடுத்த மாதம், தை பிறந்த சமயம். பள்ளிக்கு வரப்பு வழியே நடந்து வந்துகொண்டிருந்தேன். சம்பா கதிர் சாய்ந்து கிடந்தது. ஒருவர் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு நெல்லுக்குள் நடந்து எதையோ விசிறிக்கொண்டிருந்தார். "என்னங்க தெளிக்கிறீங்க?" என்றேன். "உளுந்துங்க சார். இன்னும் எட்டு நாள்ல அறுப்பு. மண்ணு மெழுகுப் பதத்துல இருக்கு, இப்ப விட்டா பதம் போயிடும்" என்றார். "உழ வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உழுதா ஈரம் போயிடுமே சார். இது பனியிலயே விளைஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் அந்தப் பையனின் அப்பா.

டெல்டாவில் பரம்பரையாக நடக்கும் நெல் தரிசு உளுந்து, பயறு சாகுபடி இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே உளுந்து ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அன்று காலை நான் பள்ளிக்குப் போய்ச் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அந்தத் தாளை வாங்கி, பெருக்கல் குறியை அடித்துவிட்டு, எந்த வகுப்பின் முன் சிரிக்கவைத்தேனோ அதே வகுப்பின் முன் "நீ எழுதியதுதான் சரி" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புது வாத்தியார், இருபத்தைந்து வயது, கௌரவம் தடுத்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அந்த ஆண்டு முடிந்தது. அவனும் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

இப்போது அந்தப் பக்கம் போனால் பல வயல்களில் தையில் உளுந்து தெளிப்பது குறைந்திருக்கிறது. அறுவடை இயந்திரம் இறங்கினால் முளைத்த கன்றுகளைச் சக்கரம் நசுக்கிவிடுகிறது, ஈர மண்ணும் இறுகிவிடுகிறது என்கிறார்கள். கையால் அறுக்க ஆள் இல்லை. இயந்திரம் போன பிறகு விதைத்தால் பதம் போய்விடுகிறது. ஒரு வழக்கத்தைத் தொலைக்க அதைத் திட்ட வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு வாரம் தள்ளிப்போனால் போதும்.

உழவே கூடாது என்று கட்சி கட்ட இதை எழுதவில்லை. என் ஊர்ச் செம்மண்ணில் கோடை உழவு போடாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது, அதையும் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். ஆழ உழு என்ற பழமொழி என் ஊருக்குச் சரி. அந்தப் பையனின் ஊரில், அந்த மாதத்தில், அந்தப் பயிருக்குச் சரியில்லை. பாடப்புத்தகத்துக்கு ஒரு வரிதான் இடம் இருந்தது. பத்து வயதுப் பையனுக்கு இரண்டு வரி தெரிந்திருந்தது. நான் புத்தகத்தை நம்பினேன்.

என்னிடம் படித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். விடைக்குறிப்பில் இல்லாத பதிலை ஒரு பிள்ளை எழுதினால், பெருக்கல் குறி போடும் முன் ஒரு நிமிடம் அவனைக் கூப்பிட்டு, "எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள்.

தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாயா என்று தெரியவில்லை. 1984 அரையாண்டுத் தேர்வு அறிவியல் தாளில் உனக்கு ஒரு மதிப்பெண் சேர்த்துக்கொள். சோம்பேறி வேலை என்று சொன்னதற்கு உன்னிடமும், உன் அப்பாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பேத்தியிடம் நேற்று ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, ஒரு பிடி ஆளி விதையை எடுத்துக்கொண்டு போய் மாடித் தொட்டியில், கொத்தாமல், தண்ணீர் ஊற்றிய மண்மேல் அப்படியே தூவிவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் ஊர் வெயிலுக்கு வருமோ வராதோ. முளைத்தால் படம் போடுகிறேன்.

உங்கள் ஊரில் உழாமல் விதைக்கும் பயிர் ஏதாவது உண்டா? கீழே எழுதுங்கள். இந்த முறை திருத்தமாட்டேன், கற்றுக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்